கெல்தியிடம் சொல்லிவிடு

அக்குயி, 12 ஏப்ரல் 1973

அன்புத் தங்கை தோய்துக்குக்கு,

இங்கே நாங்கள் நலம், ஆடுகள் நலம், ஒட்டகத்துக்கு மட்டும் இருமல். உன் சளி போயிற்றா? ஹாஸ்டலில் இன்னும் அதே முட்டைக்கோஸ் சூப்தானா? அம்மாவுக்கு ஒரு வரி எழுது. எனக்கு 'மகன் வேண்டும்' என்று பெயர் வைத்துக் காத்திருந்தவள், நாலாவதும் பெண்ணாக நீ வந்ததும் 'போதும்' என்று பெயர் வைத்தாள். இப்போது அந்தப் 'போதும்' கடிதம் போடவில்லை என்று அழுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு உடும்பு வேண்டும். வளர்ப்பதற்கு. சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

எரிவாயுக் குழாய் பதிக்க மணலில் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். அதில் உடும்புகள் விழுந்து ஏற முடியாமல் தவிக்கின்றன. காவல்காரர் ஹால்லி மூன்றைப் பிடித்துப் பழைய பீப்பாயில் போட்டு வைத்திருக்கிறார். ஒன்று பெரியது, ஒன்று பொடிசு, ஒன்று நடுத்தரம். அவர் வேற்றூர்க்காரர் என்பதால் வாயில் கடித்திருக்கும் முக்காட்டு முனையை எடுத்துவிட்டு அவரிடம் பேச முடிகிறது. பேசும்போதெல்லாம் இரண்டு கால்களையும் ஒட்டி வைத்துக்கொண்டுதான் நிற்கிறார். ஆம்பளையின் கால் நடுவே உடும்பு ஓடினால் வம்சம் அற்றுப்போகும் என்ற பயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

"எடுத்துக்கிட்டுப் போம்மா. உனக்கென்ன பயம், நீதான் ஏற்கனவே..." என்று பாதியில் நிறுத்தினார்.

"ஏற்கனவே பிள்ளை இல்லாதவ. சொல்லுங்க, ஊரே சொல்றதுதானே" என்றேன். பாவம், காதெல்லாம் சிவந்துவிட்டது.

நீ விலங்கியல் படிக்கிறாய். பல்கலைக்கழகத்தில் பாம்பு, ஓணான் அறையைப் பார்த்துக்கொள்கிறாய். எதை எடுக்க வேண்டும், எப்படி வீடு கட்ட வேண்டும் என்று எழுது. அதுவரை அவர் கொல்லாமல் வைத்திருப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா ஓகுல்கெரெக்


அஷ்காபாத், 21 ஏப்ரல் 1973

அன்புள்ள அக்கா,

சளி போய்விட்டது, சூப் போகவில்லை. அத்தானும் மாமியாரும் ஒட்டகமும் சுகம்தானே?

பெரியதை எடுக்காதே. மணலில் ராஜாவாக இருந்தது அது, சிறையில் சாப்பிடாமலே செத்துப்போகும். அதற்குள் உன் விரலையும் கொண்டுபோகும். பொடிசும் வேண்டாம், ஒரு குளிர் தாங்காது. நடுத்தரமானதைப் பார். மூக்கு முதல் வால் நுனி வரை இரண்டு முழம் இருந்தால் சரி. பீப்பாயில் கையை நீட்டினால் சும்மா கிடக்கக் கூடாது. சீற வேண்டும், கழுத்தை உப்ப வேண்டும், வாலை வீச வேண்டும். சாதுவாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதே, அது நோயாளி. கண் தெளிவாக, வாலின் அடி புஷ்டியாக, நகம் எல்லாம் முழுசாக இருக்கட்டும். அக்குளில் உண்ணி இருந்தால் எண்ணெய் தொட்டு எடு. வாலைப் பிடித்து மட்டும் தூக்காதே.

வீடு இன்னும் முக்கியம். அது ஏறும், தோண்டும். சுவரை உன் மார்பு உயரம் எழுப்பி உள்ளே வழுவழுவென்று பூசு. அஸ்திவாரத்தை முழங்கால் ஆழத்துக்கு இறக்கு. மேலே காய்ந்த மணல், கீழே கொஞ்சம் ஈரமான மண். படுத்து வெயில் காய ஒரு இரும்புத் தகடு, ஓடி ஒளிய ஒரு இருட்டு வளை. பயந்தால் அது நேரே வளைக்குத்தான் ஓடும். குறுக்கே நிற்காதே. எலி, முட்டை, வண்டு போடு.

ஒன்று கேட்கிறேன். ஏன் உனக்கு இது? உடும்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாய், உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

அன்புடன்,
தோய்துக்


அக்குயி, 20 மே 1973

அன்புத் தங்கைக்கு,

நலம். ஒட்டகமும் தேறிவிட்டது. பரீட்சைக்குப் படிக்கிறாயா?

நடுத்தரமானவன் வந்துவிட்டான். பீப்பாயில் கை விட்டதும் மாமியார் மாதிரியே சீறினான். இவன்தான் என்று முடிவு செய்தேன். கொட்டிலுக்குப் பின்னால் நானே செங்கல் அறுத்துச் சுவர் எழுப்பினேன். நம் பழைய தந்தூர் அடுப்பு விரிசல் விட்டிருந்ததே, அதை உருட்டிக்கொண்டு போய்ச் சாய்த்துப் புதைத்தேன். அதுதான் இப்போது அவன் வளை. முதல் வாரம் மூக்கை மட்டும் காட்டினான். இப்போது என் காலடி கேட்டதும் வெளியே வந்து, நாக்கால் என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் முட்டையை எடுக்கிறான். கெல்தி என்று பெயர் வைத்திருக்கிறேன். 'வந்தான்' என்று. இத்தனை நாளில் இந்த வீட்டுக்கு வந்தவன் அவன் ஒருத்தன்தானே.

உன் அத்தான் கதையைக் கேள். தண்ணீர் லாரியை மணல்மேட்டில் தலைகுப்புற இறக்குகிற ஆள், முற்றத்தில் தொடையைக் கயிற்றால் கட்டிய மாதிரி நடக்கிறார். கெல்தி தகட்டில் படுத்திருந்தால் லாரியை விட்டு இறங்குவதே இல்லை. "நான் சும்மா சொல்லல, ஓகுல். எங்க சித்தப்பாவுக்கு நடந்தது. அதோட அவருக்கு ஒரு புள்ளகுட்டி இல்ல" என்கிறார். அவருக்கு அது விளையாட்டு இல்லை, நிஜமாகவே வியர்க்கிறது.

இன்னொன்று. கல்யாணமான நாள் முதல் முக்காட்டு முனையை வாயில் கடித்துக்கொண்டுதான் மாமனார் மாமியார் முன்னால் நிற்கிறேன், உனக்குத் தெரியும். மாமனாரும் போய்ச் சேர்ந்தார், துணி போகவில்லை. ஒரு பிள்ளை பிறந்து நடக்கத் தொடங்கினால்தான் அவிழ்ப்பார்கள், அதுவரை மாமியாரிடம் நேரே பேசக் கூடாது. ஊரில் மற்ற மருமகள்கள் கைப்பிள்ளையிடம் சொல்லுகிற மாதிரி மாமியாரிடம் சேதி சொல்லுகிறார்கள். எனக்கு யார்? ஐந்து வருடம் சுவரிடமும் ஆட்டிடமும் சொன்னேன். இப்போது ஆள் கிடைத்துவிட்டான். நேற்று சுவரோரம் நின்று துணிக்குள்ளேயே, "கெல்தி, உன் பாட்டிகிட்ட சொல்லு, ரொட்டி வெந்துடுச்சுன்னு" என்றேன்.

உள்ளே கோப்பை கீழே விழுகிற சத்தம் கேட்டது.

உன் அக்கா


அஷ்காபாத், 6 ஜூன் 1973

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகமா? வழக்கத்துக்காகக் கேட்டுவிட்டேன். இப்போது நிஜமாகக் கேட்கிறேன், நீ சுகமா?

பெரியப்பா மகள் இங்கே துணி வாங்க வந்தாள். உன் மாமியார் அத்தானுக்காகப் பக்கத்துப் பண்ணையில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். உன்னைத் திருப்பி அனுப்பப் போகிறார்களாம். தேதிதான் குறிக்கவில்லையாம். ஊருக்கே தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நீ எனக்குத் தந்தூரை உருட்டிய கதை எழுதுகிறாய்.

டாக்டரைப் பார், அக்கா. இரண்டு பேரும் போங்கள். உடும்பு ஓடினதா ஓடவில்லையா என்பதெல்லாம் வெறும் பேச்சு, எந்த விலங்குக்கும் அந்த சக்தி கிடையாது. பரீட்சையில் எழுதச் சொன்னால் இரண்டு பக்கம் எழுதுவேன். உடனே பதில் போடு.

தோய்துக்


அக்குயி, 2 ஆகஸ்ட் 1973

அன்புத் தங்கைக்கு,

நலம். வெயில் கொளுத்துகிறது, முலாம்பழம் நல்ல விளைச்சல். உனக்கு இரண்டு கொடுத்தனுப்பியிருக்கிறேன், வந்ததா?

உடனே எழுதச் சொன்னாய், முடியவில்லை. பெண் பார்த்தது உண்மைதான். எங்கே போய் வந்தீர்கள் என்று நான் மாமியாரைக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது, வாயில்தான் துணி இருக்கிறதே.

மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். தனியாகத்தான். ஊசி, குழாய், படம் எல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னாள்: "உங்கிட்ட ஒரு குறையும் இல்லம்மா. உன் வீட்டுக்காரரக் கூட்டிட்டு வா." நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. போக மாட்டேன். இது உனக்குத் தெரியும், கெல்திக்குத் தெரியும். அவனிடம் மதியம் வண்டு போடும்போது சொல்லிவிட்டேன், யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. வேறு யாருக்கும் தெரியக் கூடாது. நீயும் பெரியப்பா மகளிடம் அளக்காதே.

லாரிக்கு கியர் போய்விட்டது. ஒரு வாரமாக முற்றத்தில்தான் நிற்கிறது. உன் அத்தான் பாதி நாள் அதன் அடியிலேயே கிடக்கிறார். அங்கே படுத்திருந்தால் கால் நடுவே எதுவும் ஓடாது என்ற தைரியம்.

ஒரு அதிசயம் நடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் நின்று, "கெல்தி, உன் அம்மாகிட்ட சொல்லு, சூப்ல உப்பு கூடிப்போச்சு" என்றாள். உன் அம்மா என்று சொன்னாளடி. வாய் தவறித்தான் சொல்லியிருப்பாள். நான் கொட்டிலுக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். அதன் பிறகு தினமும் அவன் வழியாகத்தான் சண்டை. முட்டை குறைகிறது என்று திட்டுகிறாள். நான் போடுவது இரண்டு. மூன்றாவதை யார் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

உன் அக்கா


அஷ்காபாத், 19 ஆகஸ்ட் 1973

அக்கா,

முலாம்பழம் வந்தது, அறை முழுக்க மணக்கிறது. கோபத்தில் ஒரு துண்டுகூட இறங்கவில்லை.

நீ என்ன தியாகச் செம்மலா? குறை உன்னிடம் இல்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அதை மாமியார் காதில் போடுவதற்கு என்ன? நீ பேச முடியாவிட்டால் நான் வந்து பேசுகிறேன். எனக்கு வாயில் துணி இல்லை. அத்தான் நல்லவர்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அவர் வாயையே திறக்காத நல்லவர். உன்னை வண்டி ஏற்றுகிற அன்றைக்கும் லாரிக்கு அடியில்தான் படுத்திருப்பார்.

கெல்திக்கு: செப்டம்பர் நடுவில் சாப்பாட்டை நிறுத்து. வயிற்றில் இரை இருக்கத் தூங்கினால் அழுகிச் செத்துப்போகும். தந்தூர் வாயை வைக்கோலும் மணலும் போட்டு மூடு, மேலே கம்பளி விரி. இடையில் தோண்டிப் பார்க்காதே.

தோய்துக்


அக்குயி, 14 அக்டோபர் 1973

அன்புத் தங்கைக்கு,

நலம். குளிர் தொடங்கிவிட்டது. கம்பளிக் காலுறை பின்னியிருக்கிறேன், அளவு சரியா பார்.

உன் கோபம் புரிகிறது. ஆனால் நான் சொன்னால் என்ன ஆகும்? குறை அவர் தலையில் இறங்கும். இந்த ஊரில் அப்படி ஒரு ஆணை எப்படி நடத்துவார்கள் என்று பார்த்திருக்கிறாய் அல்லவா? குழாயடியில் பொடியன்கள்கூடச் சிரிப்பார்கள். அவர் லாரி ஓட்டிக்கொண்டு பதினேழு கிணற்றுக்கும் போக வேண்டியவர். என்னை நாலு பேர் பேசுவது எனக்குப் பழகிவிட்டது. அவரைப் பேசினால் என்னால் தாங்க முடியாது.

தேதி குறித்துவிட்டார்கள். குளிர் போனதும் பெரியப்பா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம். சேதியை மாமியார் கெல்தியிடம்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். நான் பதிலே அனுப்பவில்லை.

மறுநாள் அவன் வளைக்குள் போய்விட்டான். நீ சொன்னபடியே மூடினேன். இப்போது வீட்டில் பேச்சே இல்லை. மாமியார் சுவரோரம் வந்து, வெறும் மணலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறாள்.

நான் முடிவு செய்துவிட்டேன். என் உடும்பு மண்ணுக்குள்ளே இருக்கிறது. அது எழுந்து, வெயில் காய்ந்து, ஒரு முட்டை தின்னாமல் நான் இந்த வீட்டை விட்டு ஒரு அடி நகர மாட்டேன். பெரியப்பா வரட்டும், பெரிய ராஜாவே வரட்டும். உடும்புப் பிடி என்றால் என்னவென்று பார்க்கட்டும்.

உன் அக்கா


அஷ்காபாத், 27 ஜனவரி 1974

அக்கா,

காலுறை சரியான அளவு. அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். உன்னிடமிருந்து மூன்று மாதமாக ஒன்றும் இல்லை. இரண்டு கடிதம் போட்டேன். கிடைத்ததா, பனியில் மாட்டிக்கொண்டதா?

அம்மா தினமும் அழுகிறாளாம். உன் பழைய அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். நீ அங்கே போக வேண்டாம். இங்கே வா. ஊர்வன அறையில் உதவிக்கு ஆள் வேண்டும் என்று பேராசிரியரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். கெல்திக்கும் ஒரு கூண்டு காலியாக இருக்கிறது. மரப்பெட்டியில் வைக்கோல் போட்டுக் கொண்டுவந்துவிடலாம். நீ தலைகுனிந்து திரும்பி வர வேண்டியதில்லை, நிமிர்ந்து வேலைக்கு வா.

ஒரு வரி போதும். உயிரோடு இருக்கிறேன் என்று எழுது.

தோய்துக்


அக்குயி, 2 ஏப்ரல் 1974

அன்புத் தங்கைக்கு,

உயிரோடு இருக்கிறேன். நலம். உன் மூன்று கடிதமும் வந்தன. பதில் எழுத உட்கார்ந்தால் உன்னிடம் வந்துவிடுகிறேன் என்றுதான் கை எழுதப் பார்த்தது. அதனால் எழுதவில்லை. இப்போது நடந்ததைச் சொல்கிறேன், முதலிலிருந்து.

போன வாரம் கெல்தி எழுந்தான். மெலிந்து, தூசியாக, யாரோ தூக்கத்தில் எழுப்பிய கோபத்தோடு வந்தான். நான் முட்டை வைத்தேன். அவன் அதைத் தின்று முடிக்கவும் பெரியப்பாவின் மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது. என்னையும் என் பெட்டியையும் ஏற்ற ஒரு பின்னிருக்கைகூடப் பூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் முற்றத்து மரக்கட்டிலில் உட்கார்ந்தார்கள். நான் துணியைக் கடித்துக்கொண்டு அடுப்பங்கரை வாசலில் நின்றேன். என் பெட்டியை மாமியார் வெளியே கொண்டுவந்து வைத்தாள். உன் அத்தான் டீ ஊற்றினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. பேச்சைத் தொடங்கலாம் என்று அன்னகுர்பான் தாத்தா தொண்டையைக் கனைக்கும்போதெல்லாம், "இன்னும் ஒரு கோப்பை, தாத்தா" என்று ஊற்றினார். ஊற்றிக்கொண்டே கொட்டில் பக்கம் பார்த்தார். இந்த மனிதனுக்கு இதுதான் முடிந்தது, டீ ஊற்றுவதுதான் முடிந்தது என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. நீ சொன்னது சரிதான் என்றுகூட நினைத்தேன்.

வெயில் உச்சிக்கு வந்தது. கெல்தி தகட்டில் ஏறிப் படுத்துச் சூடேறியிருந்தான். உன் அத்தான் கெட்டிலை வைத்துவிட்டு எழுந்தார். நேரே சுவரை ஏறிக் குதித்துக் கூண்டுக்குள் இறங்கினார். கட்டிலில் இருந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்தது, சுவர் மார்பு உயரம்தானே. தந்தூர் வாய்க்கு முன்னால் போய் எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். முகம் வெள்ளையாகிவிட்டது. ஒரு வருடமாக ஒட்டியே இருந்த கால்களை அகட்டினார்.

"நூர்லி, என்னடா பண்ற?" என்று மாமியார் அலறினாள்.

அவர் தொப்பியைக் கழற்றித் தகட்டின் மேல் எறிந்தார். கெல்தி துள்ளினான். பயந்தால் வளைக்குத்தான் ஓடுவான், நீதான் எழுதினாய். ஓடினான். அவர் கால் நடுவே, வால் வரைக்கும் முழுசாக.

கட்டிலில் ஐந்து பேரும் காலை மேலே இழுத்துக்கொண்டார்கள். அன்னகுர்பான் தாத்தா தன் ஆட்டுத்தோல் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் அந்த நேரத்திலும் அதைப் பார்த்தேன்.

"எல்லாரும் பாத்தீங்கல்ல?" என்றார் உன் அத்தான். "இனிமே குறை எங்கிட்டதான். பக்கத்துப் பண்ணைப் பொண்ண யாரு எனக்குக் கொடுப்பாங்க, கேட்டுப் பாருங்க. இருக்கிறவளையும் அனுப்பிட்டா எனக்கு யாரு டீ போடுவா?"

பெரியப்பா கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு போய் அந்த இருக்கையைக் கழற்றி எங்கள் வாசலிலேயே போட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்.

எல்லோரும் போன பிறகு அவர் சுவரோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் கொண்டுபோனேன். "அன்னிக்கு நீ கெல்திகிட்ட சொன்னது எனக்கும் கேட்டுச்சு. வண்டிக்கு அடியிலதான் இருந்தேன்" என்றார். ஆகஸ்டிலிருந்து தெரியும், தோய்துக். ஆஸ்பத்திரிக்கும் தனியாகப் போய் வந்திருக்கிறார். அங்கே என்ன சொன்னார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"அப்ப எதுக்கு உடும்பு? டாக்டர் சொன்னாருன்னே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"டாக்டர் சொன்னா அம்மா நம்ப மாட்டா" என்றார்.

உன் அக்கா


அஷ்காபாத், 15 ஏப்ரல் 1974

அன்புள்ள அக்கா,

நலம்தான். கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஊர்வன அறையில் உட்கார்ந்து அழுததை ஒரு ஆமை பார்த்துவிட்டது.

லாரிக்கு அடியில் படுத்திருப்பார் என்று அத்தானைப் பற்றி எழுதினேனே, அதற்கு என் காதைத் திருகச் சொல். உடும்பால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். நான் குறுக்கே நின்றிருந்தால் அதில் ஒன்றுமில்லை. அவர் நம்பிக்கொண்டே நின்றாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாமியார் என்ன சொல்கிறாள்? அதை நீ எழுதவே இல்லை. கூண்டை இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறேன்.

தோய்துக்


அக்குயி, 11 மே 1974

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் நலம். கூண்டில் வேறு யாரையாவது குடிவை. நாங்கள் வரவில்லை.

மாமியார் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. கெல்தியோடும்தான். சமைத்ததைச் சாப்பிட்டாள், திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்கும் இருப்பது ஒரே மகன், பேரன் முகம் பார்க்கப் போவதில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்று மத்தியானம் சுவரோரம் வந்தாள். மடியில் முட்டை. ஒளிக்கவே இல்லை. போட்டுவிட்டு, "கெல்தி, உன் அம்மாகிட்ட சொல்லு. இங்க வரச் சொல்லு" என்றாள்.

போனேன். புதுத் தலைத்துணி ஒன்றை எடுத்து என் தலையில் அவளே கட்டினாள். நல்ல சிவப்புப் பட்டு. ஆனால் ரொம்பச் சின்னது. வழக்கம்போல முனையை இழுத்தேன், வாய்க்கு எட்டவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"எட்டாது. அளந்துதான் வெட்டினேன்" என்றாள். "இனிமே வாயத் தொறந்து எங்கிட்டயே பேசு. இதுகிட்டச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது."

ஆறு வருடமாக அவளுக்காகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு எவ்வளவு தெரியுமா, தோய்துக்? படுத்துக்கொண்டே எத்தனை தடவை ஒத்திகை பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்தால் ஒன்றுமே வரவில்லை. அவள் காத்துக்கொண்டு நின்றாள். கெல்தி முட்டையை உடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"மூணு முட்டை அவனுக்கு அதிகம், அத்தை" என்றேன்.

"அதெல்லாம் வளர்ற பிள்ளை, திங்கட்டும்" என்றாள்.

உன் அக்கா ஓகுல்கெரெக்